வேலையை விடும் உரிமை யாருக்கு?

பெரியகுளம் வட்டம் ஜெயமங்கலத்தில் சென்ற வாரம் நடந்த கிளைக் கூட்டத்தில், நூல் மில்லில் வேலை செய்யும் ஒரு சகோதரி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். கூட்டத்தில் வயற்காட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்; மில்லுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். அந்தச் சகோதரி கேட்டது இதுதான்:

“தோழர், இந்த மில் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த வேலை கையில் இல்லை. விட்டால் தப்பா?”

அவர் ஏன் விட நினைக்கிறார் என்பதைச் சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. எட்டு மணி நேர வேலை என்று சொல்லிச் சேர்த்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். ஓவர்டைம் கணக்கு எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. கக்கூசுக்குப் போனால் சூப்பர்வைசர் கடிகாரம் பார்க்கிறார். இழை அறுந்தால் பிறந்த ஊரையும் பெற்ற தாயையும் சேர்த்துத் திட்டு விழுகிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. இரவு தூக்கத்திலும் மெஷின் ஓடுகிறது.

முன் வரிசையில் இருந்த வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர் உடனே, “இருக்கிற கஞ்சியையும் கவுத்திராத தாயி” என்றார். பின்னால் நின்ற வாலிபர் ஒருவர், “அந்த வேலையைத் தூக்கி எறிங்க அக்கா” என்றார். அவர் பசியை அறிந்தவர். இவர் மானத்தை அறிந்தவர். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை இந்த வாரம் நாம் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவதாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வேலையை விடும் உரிமையை முதலாளி நமக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. அதற்கும் போராட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் 1859ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம்! மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவலில் போடலாம். தோட்ட முதலாளிகளும் காண்டிராக்டர்களும் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கூலிகளைக் கட்டிப்போட்டார்கள். 1925ஆம் ஆண்டில்தான் அதை ரத்து செய்யச் சட்டம் வந்தது. வேலையை விட்டதற்காக ஜெயில் என்பது நம் தாத்தன் பாட்டி காலத்துச் சங்கதி. அதிக தூரத்துக் கதை அல்ல.

தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் மிராசுதாரை விட்டுப் போக முடியாது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பிள்ளையின் தலையில் ஏறும். பிள்ளையின் கடன் பேரன் தலையில் ஏறும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். தோழர் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிக்குள் சென்று செங்கொடிச் சங்கம் கட்டிய பிறகுதான், 1944ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தம் அந்தக் கொடுமைகளுக்கு முடிவு கட்ட வழி செய்தது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி கொத்தடிமைக் கடன் ரத்து. அந்தக் கடனைச் சொல்லி ஒருவரைப் பிடித்து வைத்து வேலை வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982ஆம் ஆண்டு, டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளில் கூலி மோசடி நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தது. துப்பாக்கி முனையில் வேலை வாங்கினால்தான் கட்டாய உழைப்பு என்பதில்லை. பசியும் வறுமையும் விரட்டி, வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புத்தான் என்பது அந்த விளக்கம். செங்கொடி இயக்கம் பல்லாண்டுகளாகத் தெருமுனையில் சொல்லி வந்ததை நீதிமன்றமும் சொல்ல நேர்ந்தது.

ஆக, சட்டப் புத்தகத்தின்படி அந்தச் சகோதரி சுதந்திரப் பிரஜை. நாளைக் காலையிலேயே அவர் வேலையை விடலாம். கேட்டில் அவரைப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நாளை மறுநாள் அடுப்பு எப்படி எரியும்? அங்கேதான் பூட்டு இருக்கிறது. முதலாளித்துவத்தில் தொழிலாளி இரண்டு விதத்தில் “சுதந்திரம்” பெற்றவர் என்று மார்க்ஸ் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியை யாரிடமும் விற்கச் சுதந்திரம். நிலமோ கருவியோ எதுவும் சொந்தமில்லாத சுதந்திரம். இந்த இரண்டாவது சுதந்திரம் இருக்கும்வரை, ஒரு முதலாளியை விட்டு விலகலாம். முதலாளி வர்க்கத்தை விட்டு விலக முடியாது.

இந்தப் பூட்டைப் பலப்படுத்த முதலாளிகள் கண்டுபிடித்த தந்திரங்கள் கொஞ்சமா? மேற்குத் தமிழகத்து நூல் மில்களில் “சுமங்கலித் திட்டம்” என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பெயரே மோசடி! பதினைந்து பதினாறு வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். கல்யாணச் செலவுக்கு உதவுகிறார்களாம்! கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே சீதனம் போலக் காட்டினார்கள். இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் ஒரு பெண் வெளியேறினால் அந்தப் பணம் போயிற்று. 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதிய பிறகு உலகமே பேசியது. பெயரை மாற்றினார்கள், விடுதியும் வெளியே போகத் தடையும் பல இடங்களில் மாறவில்லை.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்தில் வேறு விதம். முன்பணம் கொடுத்து வடமாநிலத்து முறுக்குக் கம்பெனிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் விடியற்காலையில் தொடங்கும் வேலை எப்போது முடியும் என்று கணக்கில்லை. விட்டு வரலாம் என்றால் முன்பணம் கழுத்தில் தொங்குகிறது. போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலை மேல் ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்குக் கங்காணிதான் எல்லாம். இன்று அவரோடு முகம் கோணினால் நாளை ஜீப்பில் இடமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? சகித்துக்கொண்டு கிடப்பதா? மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். தோட்ட வேலையை விட்டால் அவர்களுக்குக் கூலி மட்டும் போகாது. லயத்து வீடும் போகும். மூன்று தலைமுறை வாழ்ந்த கூரையை விட்டு எங்கே போவது? வேலையை விட முடியாதவர்கள் அவர்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார்கள். சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளுக்குள் 20 சதவீதம் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அக்டோபரில் 301 ரூபாய் ஆனது. தனியாக வேலையை விட்டிருந்தால் லயத்தை இழந்திருப்பார்கள். ஒன்றாக வேலையை நிறுத்தியதால் நிர்வாகம் இறங்கி வந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. “பெண்கள் ஒற்றுமை” என்ற பெயரில் எழுந்த அந்தப் பெண்கள் எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் பந்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதில் செங்கொடிச் சங்கங்களுக்கும் விலக்குத் தரவில்லை. அவர்கள் மேல் கோபப்பட நமக்கு உரிமையில்லை. நிர்வாகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து பழகிய சங்கம், கூடை சுமக்கிறவர் குரலைக் கேட்க மறந்தால் இதுதான் நடக்கும். ஜெயமங்கலத்துச் சகோதரி அந்தக் கேள்வியைக் கிளைக் கூட்டத்தில் கேட்டார் என்றால், இரண்டு ஆண்டு அந்த மில்லில் அவர் பட்ட பாட்டை நாம் போய்க் கேட்கவில்லை என்றும் அர்த்தம். இது நம் ஸ்தாபனத்தின் குறை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

சரி, ஒன்றாக நின்று போராடும் வரை பொறுத்திரு என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாமா? முடியாது. கோவை சின்னியம்பாளையத்தில் மில் அடியாளின் கையில் ஒரு பெண் தொழிலாளி சீரழிக்கப்பட்டார். அதை எதிர்த்து நின்றதன் விளைவாக ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன், சின்னையன் என்ற நான்கு தோழர்கள் 1946 ஜனவரி 8ஆம் நாள் தூக்கிலேறினார்கள். எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர், அங்கே சூப்பர்வைசராக இருந்தவனால் கொல்லப்பட்டார். பெண்களே தலைமை தாங்கும் சங்கம் அந்தச் சாவை மறக்க விடவில்லை. 2022 ஏப்ரலில் “திண்டுக்கல் ஒப்பந்தம்” கையெழுத்தானது. அந்தத் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியையும் அது கட்டுப்படுத்தியது. தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளராக நின்று புகார் சொல்ல வழி பிறந்தது. ஆனால் போன உயிர் போனதுதான்.

ஆகவே நாம் சொல்கிறோம்: உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால், அடுத்த வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வெளியே வாருங்கள். அன்றைக்கே வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கோழைத்தனமும் இல்லை. பட்டினியை நாம் பகிர்ந்துகொள்ளலாம். உயிரைத் திருப்பித் தர முடியாது.

அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் இந்த வேலை தாங்கவில்லை என்பவர்கள், விடுவதற்கு முன் சில காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும். கோபத்தில் கேட்டைத் தாண்டி வருகிறவரைக் கண்டு நிர்வாகம் சந்தோஷப்படுகிறது, பாக்கி மிச்சம்!

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். “கணக்குத் தீர்ந்தது” என்ற காகிதத்தில் பணம் கைக்கு வருமுன் கையெழுத்து வேண்டாம். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை மில் ஆபீசில் கொடுத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று சங்கத்தில் கேட்டு, ராஜிநாமாவை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ராஜிநாமா செய்தவருக்கும் சேர வேண்டிய கூலியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. வைப்பு நிதி உங்கள் பணம். வேலையை விட்டதால் அது போய்விடாது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. நான்கே முக்கால் ஆண்டில் அவசரப்பட்டு விட்டு அதை இழக்காதீர்கள்.

உடம்பு முடியாமல் விட நினைக்கிறவர்கள் முதலில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடுமுறை முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசி நுரையீரலில் செய்யும் வேலையின் அடையாளமாக இருக்கலாம். பஞ்சுத் தூசி நோய் தொழில் நோயாக இ.எஸ்.ஐ. சட்டப் பட்டியலில் இருக்கிறது. டாக்டரிடம் எத்தனை ஆண்டு மில்லில் வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சந்தா நாட்கள் நிறைந்தவருக்கு நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையை விட்ட பிறகு போய் நின்றால் இந்த வழியெல்லாம் குறுகிவிடும்.

முன்பணத்தைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் மனுக் கொடுங்கள்; கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்க வேண்டியது அவர்கள் கடமை. பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அது இல்லையென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. வேலையை விட்ட பிறகும் புகார் கொடுக்கலாம்.

இவையெல்லாம் தனி ஆளுக்குச் சொல்லும் யோசனைகள். இவற்றோடு நின்றுவிட்டால் இது தலையங்கம் ஆகாது. ஒருவர் துணிந்து வேலையை விடுவதும் விடாமல் இருப்பதும் அவருடைய நெஞ்சுரத்தைப் பொறுத்தது மட்டுமா? வெளியே வந்தால் கால் ஊன்ற இடமிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

2006ஆம் ஆண்டு முதல் நூறு நாள் வேலை அப்படி ஓர் இடமாக இருந்தது. கூலி கொஞ்சம்தான், பாக்கி வைப்பார்கள்தான். ஆனாலும் “உன் வயலுக்கு வராவிட்டால் கண்மாய் வேலைக்குப் போவேன்” என்று ஒரு பெண் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாக்கியம் கிராமத்தில் கூலியை உயர்த்தியது. பண்ணைக்காரர்கள் “வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை” என்று அழுத அழுகையின் ரகசியம் இதுதான். 2025 டிசம்பரில் ஒன்றிய சர்க்கார் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. 125 நாள் என்று முழங்குகிறார்கள். ஆனால் விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வேலை தரக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! கூலி பேரம் பேச நமக்குப் பலம் இருக்கும் நாட்கள் எவையோ, அந்த நாட்களில் மாற்று வேலையைப் பூட்டுகிறார்கள். இது யாருக்காக? செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் கட்டுகிறார்கள். இது எதற்காக?

மில்லிலும் இதே கதை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்குவதாக அறிவித்தார்கள். 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் சர்க்கார் அனுமதி வேண்டும் என்று இருந்தது. இப்போது 300 பேருக்குக் குறைவாக இருந்தால் அனுமதி வேண்டாம். நம்மை வெளியே தள்ளும் சுதந்திரத்தை முதலாளிக்கு அகலமாக்குகிறார்கள். நாம் வெளியே வரும் சுதந்திரத்தின் அடியிலிருந்து மண்ணை எடுக்கிறார்கள். நாம் முன்னே சொன்ன இரண்டு நாள் கூலி விதியைப் பயன்படுத்துவோம். அதைக் காட்டி மற்றதை விழுங்கச் சொன்னால் மறுப்போம்.

வராக நதித் தண்ணீரில் நெல் விளையும் ஜெயமங்கலத்து வயலில் நடவுக்கூலி என்னவோ, அதைப் பார்த்துத்தான் மில் முதலாளி நம் பெண்களுக்குக் கூலி போடுகிறான். வயலில் கூலி உயர்ந்தால் மில்லில் உயர்த்தியாக வேண்டும். மில்லில் கொடுமை நின்றால் வயலில் அதட்டல் குறையும். வயலும் மில்லும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். தாய் வயலுக்கும் மகள் மில்லுக்கும் போகும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! விவசாயத் தொழிலாளர் சங்கமும் பஞ்சாலைச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இந்தப் பூட்டு திறக்காது.

ஆகவே ஜெயமங்கலம் கிளைக்கும், இதைப் படிக்கும் மற்றக் கிளைகளுக்கும் நமது யோசனை இது. வேலையை விட்டு வரும் தொழிலாளியின் வீட்டுக்கு இரண்டு மாதம் அரிசி தரும் பொறுப்பைக் கிளை எடுத்துக்கொள்ளட்டும். வேலை நிறுத்தக் காலங்களில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்த பழக்கம் நமக்குப் புதிதல்ல. எந்த மில்லில் என்ன கொடுமை, யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். நூறு நாள் வேலையைப் பறிக்காதே, விதைப்புக் காலத்திலும் வேலை கொடு என்ற கோரிக்கையை ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறோம். “விடுவது தப்பல்ல, அம்மா. தனியாக விடாதீர்கள். உங்கள் ஷிப்டில் இதே மூச்சுமுட்டலோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்களோடு வாருங்கள். பேசிவிட்டு விடுவோம், அல்லது பேசிவிட்டு நிற்போம். எதுவானாலும் உங்கள் அடுப்பு எங்கள் கவலையும்தான்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நான்கு பேர் இருக்கிறார்கள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். கஞ்சியைக் கவிழ்க்காதே என்று சொன்ன பெரியவர், கூட்டம் முடிந்து எழும்போது முதல் பிடி அரிசி தன் வீட்டிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோழர்களே! வேலையை விடும் உரிமையைக் காகிதத்தில் வாங்கி விட்டோம். அதை அடுப்படி வரை கொண்டுவந்து சேர்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு பேர் வரும்போது கிளைக் கூடத்தில் அவர்களை வரவேற்க வயற்காட்டுத் தோழர்கள் நிறைந்திருக்க வேண்டும். அதுவே முதற் காரியம்.